நிரல் எழுதும் நெறி

34 ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். கணக்கு என் பாடம். கணினிக்கு நிரல் எழுதும் நெறியைப் பற்றிப் பேச இந்த முதியவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நிரல் எழுதத் தெரியும் என்று இறுமாந்திருந்து, ஒரு பிழை செய்து, அப்பிழையால் ஒரு மாணவன் துன்புற்றதைக் கண்ணாரக் கண்டவன் நான். அப்பிழையின் வேரைத் தேடிச் சென்றபோது, அறிஞர் பலர் அரை நூற்றாண்டுக் காலம் சிந்தித்துக் கண்ட ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. அவ்வுண்மையின் வரலாற்றை உங்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

2009ஆம் ஆண்டில் நான் தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய ஊர் ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். உதவித்தொகை பெறும் மாணவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் கையால் எழுதி அனுப்பி வந்தோம். அவ்வேலையை எளிதாக்க எண்ணி, விஷுவல் பேசிக் மொழியில் ஒரு நிரலை நானே எழுதினேன். பெயர், வகுப்பு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால் அவை தரவுத்தளத்தில் பதிவாகும். இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒழுங்காகப் பதிவாயின. ஒரு பெயர் மட்டும் பதிய மறுத்தது. அது “டி'குரூஸ்” என்று முடியும் பெயர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் முத்துக்குளித்துறைக்கு வந்த நாள்முதல் அக்கடற்கரையில் வழங்கி வரும் குடும்பப் பெயர்களுள் அஃது ஒன்று. ஆங்கிலத்தில் எழுதுங்கால் முதலெழுத்தை அடுத்து, மேலே ஒரு சிறு குறி வரும். அக்குறியைக் கண்டவுடன் என் நிரல் ‘பிழை’ என்று அறிவித்து நின்றுவிட்டது.

பட்டியலை அனுப்ப அன்றே கடைசி நாள். நான் என் நிரலை ஐயுறவில்லை. பையனின் பெயரை ஐயுற்றேன். குறியை நீக்கி, பெயரை இரண்டாகப் பிரித்தேன். ‘டி’ என்பது முன்னெழுத்தாயிற்று. ‘குரூஸ்’ என்பது பெயராயிற்று. நிரல் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதங்கள் கழித்து எல்லா மாணவருக்கும் பணம் வந்தது. அவனுக்கு மட்டும் வரவில்லை. வங்கியில் இருந்த பெயரும் நாங்கள் அனுப்பிய பெயரும் பொருந்தாமையால் தொகை திரும்பிவிட்டது. ஒரு நாள் கூலியை இழந்து அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். “ஐயா, எங்கள் பெயரில் ஏதோ தப்பு இருக்கிறதாமே! பாங்கியில் போய் மாற்றிக்கொள்ள வேண்டுமா?” என்று கேட்டார். தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த பெயரில் தப்பு இருப்பதாக அந்த அம்மையார் நம்பும்படி செய்துவிட்டேனே என்று நாணினேன்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி அந்நாளில் சென்னையில் கணினிப் பணியில் இருந்தாள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அவளிடம் என் நிரலைக் காட்டினேன். சிறிது நேரம் படித்துவிட்டு, “ஐயா, பிழை அந்தப் பையனின் பெயரில் இல்லை. நீங்கள் கட்டளையையும் தகவலையும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிவிட்டீர்கள். அதுதான் பிழை. இன்று ஒரு பெயர் பதியவில்லை, நாளை விஷமக்காரன் ஒருவன் வந்தால் பட்டியல் முழுவதுமே போய்விடும்” என்றாள்.

அவள் காட்டிய வழியில் நிரலைத் திருத்த உட்கார்ந்தபோது, இரண்டாவது பிழை ஒன்றும் வெளிப்பட்டது. பெயரைத் தரவுத்தளத்தில் எழுதும் அதே வாக்கியத்தை, புதுப்பதிவுக்கு ஓரிடம், திருத்தத்துக்கு ஓரிடம், தேடலுக்கு ஓரிடம் என்று 14 இடங்களில் நான் தனித்தனியே எழுதி வைத்திருந்தேன். 13 இடங்களைத் திருத்தினேன். ஒன்றை மறந்தேன். மறுவாரம் அந்த ஓரிடத்தில் நிரல் மீண்டும் நின்றது. கட்டளையும் தகவலும் கலந்தது முதற்பிழை. ஒரு கடமையைப் பல இடங்களில் சிதறவிட்டது இரண்டாம் பிழை. இவ்விரண்டு பிழைகளுக்கும் மருந்து கண்டவர்கள் வரலாற்றில் இருவேறு கூட்டத்தார். முதலில் இரண்டாம் பிழைக்கு மருந்து கண்டவர்களைக் காண்போம்.

அதற்கு நாம் நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள நார்வே கணிப்பு மையத்தில் 1960களில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே-யோஹன் டால் என்னும் இருவர் பணியாற்றினர். துறைமுகத்தில் கப்பல்கள் காத்து நிற்பதும், தொழிற்சாலையில் பொருள்கள் ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்துக்குச் செல்வதும் போன்ற நிகழ்ச்சிகளைக் கணினியில் நடித்துக் காட்டச் செய்து, எங்கே நெரிசல் உண்டாகும் என்று முன்கூட்டியே அறிவது அவர்களின் நாட்டம். அதற்காக அவர்கள் உருவாக்கிய சிமுலா என்னும் மொழி 1965இல் யூனிவாக் 1107 கணினியில் இயங்கத் தொடங்கியது.

அக்காலத்து நிரல்களில் தகவல்கள் ஒருபுறமும் அவற்றைக் கையாளும் கட்டளைகள் மற்றொருபுறமும் கிடக்கும். எந்தக் கட்டளையும் எந்தத் தகவலையும் தொட்டு மாற்றலாம். பூட்டில்லாத அலுவலக அறையில் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து வைத்தது போன்ற நிலை அது. நிகார்டும் டாலும் உலகத்தை வேறு விதமாகப் பார்த்தனர். கப்பல் என்பது ஒரு பொருள். அதற்குரிய எடை, வந்த நேரம் முதலிய தகவல்களும், நங்கூரமிடுதல், சரக்கிறக்குதல் முதலிய செயல்களும் அந்தப் பொருளோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கொண்டனர்.

அடுத்து ஓர் இடையூறு எழுந்தது. பாலத்துச் சுங்கச் சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் பொதுவான இயல்புகள் உண்டு. தனித்தனி இயல்புகளும் உண்டு. பொதுவானதை இருமுறை எழுதாமல் இருப்பது எப்படி? ‘ஊர்தி’ என்னும் பொது வகையை ஒருமுறை எழுதிவிட்டு, லாரியும் பேருந்தும் அதன் இயல்புகளைப் பெற்றுத் தத்தம் இயல்புகளைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் கண்ட விடை. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்லோவை அடுத்த லிசெபூ என்னுமிடத்தில் கூடிய அறிஞர் மாநாட்டில் இக்கருத்தை வெளியிட்டனர். நம் மேல்நிலைப் பாடநூல்கள் இனக்குழு என்றும், மரபுரிமம் என்றும் இன்று கற்பிப்பவை சிமுலா 67 என்னும் அம்மொழியில் பிறந்தவையே. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தனர்.

அமெரிக்காவில் ஆலன் கே என்னும் இளைஞர் சிமுலாவை ஆராய்ந்து வியந்தார். அவர் கணிதத்தோடு உயிரியலும் பயின்றவர். நம் உடலிலுள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு சவ்வுக்குள் தன் உள்ளமைப்பைக் காத்துக்கொண்டு, செய்திகளால் மட்டுமே பிற செல்களோடு உறவாடுகிறது அல்லவா? நிரலும் அவ்வாறே அமைய வேண்டும் என்று அவர் கருதினார். பொருள்நோக்கு நிரலாக்கம் என்று நாம் வழங்கும் பெயரின் ஆங்கில மூலத்தைச் சூட்டியவர் அவரே. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், 1972 முதல் அவரும் டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோரும் ஸ்மால்டாக் என்னும் மொழியை வளர்த்தனர். ஆசிரியனாகிய என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அவர்கள் அம்மொழியை அறிஞர்களுக்கு மட்டும் உரியதாகக் கருதாமல், பள்ளிச் சிறுவர் சிறுமியரை அழைத்து வந்து கற்பித்துப் பார்த்தனர்.

அதே 1972இல் டேவிட் பார்னஸ் என்பவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். பெரிய நிரலை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது என்பது அதன் வினா. முதலில் இது நடக்கும், பிறகு அது நடக்கும் என்று செயல்களின் வரிசைப்படி பிரிப்பதே அந்நாளைய வழக்கம். பார்னஸ் அதை மறுத்தார். பின்னாளில் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்க வேண்டும். மற்றப் பகுதிகளுக்கு அது தெரியவே கூடாது. அப்போதுதான் மாற்றம் நேரும்போது ஓரிடத்தைத் திருத்தினால் போதும் என்றார். இவ்வாறு தகவலையும் அதனைத் தொடும் உரிமையையும் ஓர் உறைக்குள் அடக்குவதையே உறை பொதியாக்கம் என்று இன்று படிக்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்து வழக்கத்தைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வருகைப் பதிவேட்டில் வகுப்பாசிரியர் மட்டுமே எழுதலாம். திருத்தம் செய்தால் சிவப்பு மையில் அடித்து எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். மாணவன் ஒருவன் தன் வருகையைத் தானே குறித்துக்கொள்ள முடியாது. ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். இக்கட்டுப்பாடு யாரையும் இழிவுபடுத்த ஏற்பட்டதன்று. பதிவேட்டை எல்லோரும் நம்புவதற்காக ஏற்பட்டது. இனக்குழுவின் உள்தகவல்களைத் தனியுரிமையாக்கி, அவற்றை மாற்றும் செயற்கூறுகளை மட்டும் வெளியே காட்டுவதன் பொருள் இதுவே. இதனை நான் 2009இல் அறிந்திருந்தால், என் நிரலில் தரவுத்தளத்தோடு பேசும் வாயில் 14 இருந்திரா; ஒன்றே இருந்திருக்கும்.

இனி, முதற்பிழையின் வரலாற்றுக்கு வருவோம். தரவுத்தளங்களின் கதை கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பிறந்து அங்குப் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல்களை வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம். அவை வட்டில் எங்கே எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியதில்லை என்றார். அறியத் தேவையில்லாததை மறைத்து வைக்கும் அதே கருத்து இங்கும் வருவதைக் கவனியுங்கள்.

காட் கணிதக் குறியீடுகளால் எழுதியதைச் சாதாரண மக்களும் பயன்படுத்த வேண்டும் என்று அதே கூடத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் விரும்பினர். அவர்கள் 1974இல் வெளியிட்ட மொழியே பின்னர் எஸ்.க்யூ.எல். என்று பெயர் பெற்றது. இன்ன அட்டவணையிலிருந்து, இன்ன தன்மையுடைய வரிகளைத் தருக என்று ஏறக்குறைய ஆங்கில வாக்கியம் போலவே அதில் எழுதலாம். 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987இல் உலகத் தர நிறுவனமும் அதனை ஏற்றன.

அம்மொழியின் இனிமையிலேயே ஓர் இடர் மறைந்திருந்தது. வாக்கியத்தை எழுதுபவரும் கேள்வி கேட்பவரும் ஒருவராகவே இருந்தவரை அவ்விடர் தோன்றவில்லை. 1990களில் இணையம் பரவியபோது நிலைமை மாறிற்று. வாக்கியத்தின் பாதியை நிரலர் எழுதுகிறார். மீதியை, எங்கோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவர், திரையில் உள்ள கட்டத்தில் தட்டச்சு செய்கிறார். இரண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாகத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் பழக்கம் எங்கும் பரவியது.

அதன் விளைவைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். நிரலர் எழுதிய வாக்கியம் இது: மாணவர் பட்டியலிலிருந்து தருக, எவரெனில் பெயர் = 'முருகன்'. இங்கே முருகன் என்பது மட்டும் வெளியார் தட்டச்சு செய்தது. பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இருபுறமும் உள்ள சிறு குறிகளே தரவுத்தளத்துக்கு உணர்த்துகின்றன. அவ்விடத்தில் டி'குரூஸ் என்று எழுதினால் யாது நேரும்? பெயரின் நடுவில் உள்ள குறியைக் கண்டவுடன் பெயர் அங்கே முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் கொள்கிறது. எஞ்சிய ‘குரூஸ்’ என்பதைக் கட்டளையாக எண்ணிப் பொருள் விளங்காமல் நின்றுவிடுகிறது. என் நிரல் நின்றது இதனால்தான்.

இப்பொழுது ஒரு விஷமக்காரன் வருகிறான். பெயருக்குரிய கட்டத்தில் முருகன்' அல்லது '1' = '1 என்று தட்டச்சு செய்கிறான். வாக்கியம் இவ்வாறு ஆகிறது: பெயர் = 'முருகன்' அல்லது '1' = '1'. ஒன்று ஒன்றுக்குச் சமம் என்பது எப்போதும் உண்மை. ஆகவே எல்லா மாணவரின் விவரங்களும் அவன் முன் வந்து விழுகின்றன. இன்னும் கொடியவனாயின், அட்டவணையை அழிக்கும் கட்டளையையே அவ்விடத்தில் நுழைக்க முயல்வான்.

விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் நான் ஓர் உவமை சொல்வேன். ஒரு மாணவன் தன் விடைத்தாளின் நடுவே, ‘இக்கேள்விக்கு முழு மதிப்பெண் அளிக்க’ என்று எழுதி வைக்கிறான். தேர்வாளர் அதனை ஆணையாகக் கொள்வாரோ? கொள்ள மாட்டார். விடைத்தாளில் உள்ளது எதுவாயினும் அது விடை. ஆணை தேர்வுத் துறையிடமிருந்து மட்டுமே வரும் என்பதை அவர் அறிவார். கட்டளையையும் தகவலையும் ஒட்டும் நிரலோ, விடைத்தாளில் எழுதியதையெல்லாம் ஆணையென்று நம்பும் பேதைத் தேர்வாளரைப் போன்றது.

இவ்வாபத்தை உலகறிய விளக்கிய முதற்கட்டுரைகளுள் ஒன்று, 1998 டிசம்பரில் ஃப்ராக் என்னும் மின்னிதழில் ஒரு புனைபெயரில் வெளிவந்தது. ஆனால் வியப்பான செய்தி வேறொன்று. நோய்க்குப் பெயரிடுவதற்கு முன்பே மருந்து கையில் இருந்தது! 1970களிலேயே ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தார் தம் நிரல்களில், ‘இவ்விடத்தில் ஒரு மதிப்பு பின்னர் வரும்’ என்று வாக்கியத்தில் வெற்றிடம் விட்டு எழுதும் முறையைக் கையாண்டனர். 1997இல் ஜாவா மொழி 1.1 பதிப்பு வெளிவந்தபோது, அதன் தரவுத்தள நூலகத்தில் இதற்கென ஒரு கருவியே இருந்தது. வாக்கியத்தின் அமைப்பைத் தரவுத்தளம் முதலில் உறுதி செய்துகொள்கிறது. மதிப்பு தனியே, வேறு வழியாகச் செல்கிறது. அந்த மதிப்பினுள் எத்தனை குறிகள் இருந்தாலும், எத்தனை கட்டளைகள் இருந்தாலும், அஃது ஒரு பெயராகவே நிற்கும். டி'குரூஸும் தடையின்றிப் பதிவாவார். விஷமக்காரனின் சூழ்ச்சியும், அவ்வாறு ஒரு பெயருடையவர் எவரும் இல்லை என்ற விடையோடு முடிந்துவிடும்.

மருந்து இருந்தும் உலகம் அதனை உண்ணவில்லை. 2007இல் அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்றோ, ஒரு மாணவனின் பெயரால் பள்ளிப் பதிவேடு முழுதும் அழிந்ததாகக் கேலிச்சித்திரம் ஒன்று வரைந்தார். நிரலர் உலகம் சிரித்தது. ஆனால் நடந்தவை சிரிப்புக்குரியன அல்ல. ஹார்ட்லாந்து என்னும் பணப்பரிமாற்ற நிறுவனம் உள்ளிட்ட சில அமெரிக்க நிறுவனங்களிலிருந்து 13 கோடிக்கும் மேற்பட்ட கடன் அட்டை, பற்று அட்டை எண்கள் இவ்வழியே திருடப்பட்டதாக 2009 ஆகஸ்டில் குற்றம் சாட்டப்பட்டது. 2015 அக்டோபரில் இங்கிலாந்தின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளரின் விவரங்கள் களவு போயின. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் உடன் சென்றன. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கள்வர் நுழைந்த வாயில் எது? 2009இல் அந்நிறுவனம் விலைக்கு வாங்கிய மற்றொரு நிறுவனத்தின் பழைய இணையப் பக்கங்கள். அவை இன்னும் திறந்து கிடப்பதே உரிமையாளருக்குத் தெரியவில்லை. என் நிரலின் 14ஆவது இடம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரு கடமைக்கு வாயில்கள் பலவாயின், காவலற்ற வாயில் ஒன்று எஞ்சியே தீரும். இவ்விரண்டு பாடங்களையும் நான் சேர்த்துச் சொல்வதன் காரணம் இதுவே.

இக்கதை அத்துடன் முடியவில்லை. 2023 மே மாதத்தில் மூவிட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே குறை வெளிப்பட்டு, பல நாட்டு நிறுவனங்கள் இடருற்றன. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை, இக்குறையை அடியோடு ஒழிக்குமாறு மென்பொருள் நிறுவனங்களுக்கு அறிக்கை விடுத்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் மருந்து தெரிந்த நோய் ஏன் தீரவில்லை? ஆசிரியனாக நான் காணும் காரணம் ஒன்று. முதல் நாள் பாடத்தில், எளிமை கருதி, ஒட்டி எழுதும் முறையைக் காட்டிவிடுகிறோம். பாதுகாப்பைப் பிறகு சொல்லலாம் என்று எண்ணுகிறோம். கையெழுத்தைப் போலவே நிரலெழுத்தும் முதலில் படிந்தபடியே நின்றுவிடுகிறது.

ஆகவே, இன்று நிரல் கற்கத் தொடங்கும் உங்களுக்குச் சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஓர் இனக்குழுவுக்கு ஒரு கடமையே கொடுங்கள். மாணவரைக் குறிக்கும் இனக்குழு மாணவரைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும்; திரையில் வரைவதும் கோப்பில் எழுதுவதும் அதன் வேலையல்ல. உள்தகவல்களைத் தனியுரிமையாக வையுங்கள். மதிப்பெண் 100க்கு மேற்போகாது என்ற விதியை அதனை மாற்றும் செயற்கூறே காக்கட்டும். மரபுரிமத்தை அளவோடு கையாளுங்கள். பேருந்து ஓர் ஊர்தி என்று சொல்லலாம். ஆகவே அங்கே மரபுரிமம் பொருந்தும். பள்ளி நூலகம் ஒரு புத்தகம் என்று சொல்ல முடியுமோ? நூலகத்தில் புத்தகங்கள் உள்ளன, அவ்வளவே.

இரண்டாவது, தரவுத்தளத்தோடு பேசும் பொறுப்பை ஒரே பகுதியிடம் ஒப்படையுங்கள். அப்பகுதியில் வெளியார் தரும் மதிப்பு எதனையும் வாக்கியத்தோடு ஒட்டாமல், வெற்றிடத்தின் வழியே மட்டும் அனுப்புங்கள். அட்டவணையின் பெயரையும் பத்தியின் பெயரையும் இவ்வழியில் அனுப்ப இயலாது. அவற்றை நீங்களே எழுதி வைத்த பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, தேவைக்கு மேல் அதிகாரம் கொடாதீர்கள். ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் 1975இலேயே இந்நெறியை வகுத்துரைத்தனர். பட்டியலைப் படித்துக் காட்ட மட்டுமே வேண்டிய நிரலுக்கு, அதனை அழிக்கும் உரிமை எதற்கு? அலுவலக உதவியாளரிடம் வாயிற்சாவியைத் தருவோம். பணப்பெட்டியின் சாவியையும் சேர்த்துத் தருவோமா?

நான்காவது, கடவுச்சொற்களை உள்ளபடியே சேமிக்காதீர்கள். பெல் ஆய்வுக் கூடத்து ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல், மக்கள் பயன்படுத்திய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, அவற்றுள் 2,831 எளிதில் கண்டறியத்தக்கவை என்று காட்டினர். கடவுச்சொல்லோடு ‘உப்பு’ எனப்படும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்து, திருப்ப முடியாதவாறு மாற்றிச் சேமிக்கும் வழியையும் விளக்கினர். சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2009இல் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடு போயின. அவை யாவும் உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டிருந்தன! நுழைந்த வழியும் நாம் மேலே கண்ட வழியே. இன்று பிகிரிப்ட், ஆர்கான்2 முதலிய தேர்ந்த முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். சொந்தமாக ஒரு முறை புனைய முற்படாதீர்கள்.

ஐந்தாவது, நிரல் பிழைபட்டால் அதன் உள்விவரங்களைத் திரையில் கொட்டாதீர்கள். அட்டவணையின் பெயரையும் பத்தியின் பெயரையும் அயலார்க்கு அறிவிப்பது, வீட்டின் வரைபடத்தை வாசலில் ஒட்டுவதற்கு ஒப்பாகும். விவரத்தை உங்கள் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, பயன்படுத்துவோருக்குப் பணிவான ஒரு செய்தி மட்டும் சொல்லுங்கள்.

ஆறாவது பழக்கத்தை என் அனுபவம் எனக்குக் கற்பித்தது. வருவதைச் சோதித்து ஏற்பது நல்லதே. வயது எண்ணாக இருக்க வேண்டும், நாள் நாட்காட்டியில் உள்ளதாக இருக்க வேண்டும். ஆனால் மனிதரின் பெயரை உங்கள் நிரலுக்கு ஏற்ப வெட்டாதீர்கள். குறியுள்ள பெயர் உண்டு. ஒரே எழுத்தாலாகிய பெயர் உண்டு. நம் நாட்டில் குடும்பப் பெயரே இல்லாதார் கோடிக்கணக்கில் உளர். இவற்றையெல்லாம் ஏற்க இயலாத நிரலைப் பாதுகாப்பானது என்று சொல்லாதீர்கள், அது முடிவுறாதது.

திருத்திய நிரலில் நான் முதலில் பதிந்த பெயர் அந்தப் பையனுடையதே. குறி இருந்தது, முன்னெழுத்துத் தன் இடத்தில் நின்றது, தேடினாலும் கிடைத்தது. வங்கிக்கு நானே கடிதம் எழுதினேன். தொகை வந்து சேர மேலும் மூன்று மாதங்கள் ஆயின. அதுவரை அவனது விடுதிக் கட்டணத்தைக் கட்டியது என் கடமையே அன்றி உதவியன்று. அவன் தாயாரிடம், “அம்மா, உங்கள் பெயரில் தப்பில்லை, தப்பு என் எழுத்தில்தான்” என்று சொன்னேன். அவருக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும், “அப்படியா ஐயா, நல்லது” என்று முகம் மலர்ந்து சென்றார்.

மாணவ நண்பர்களே, நிகார்டும் டாலும் கண்ட பொருளும், பார்னஸ் சொன்ன மறைப்பும், காட் அமைத்த அட்டவணையும், வெற்றிடம் விட்டு எழுதிய அந்த ஆய்வாளர்களின் முன்யோசனையும் நமக்கு உரைப்பது ஒன்றே. ஆணையிடும் உரிமை யாருக்கு, தகவல் தரும் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். அவ்வெல்லையை ஒரே இடத்தில் காத்து நில்லுங்கள். நீங்கள் நாளை எழுதப்போகும் நிரல்களில் மருத்துவமனை நோயாளிகளும், ஓய்வூதியம் பெறும் முதியோரும், உதவித்தொகையை எதிர்பார்த்திருக்கும் மாணவரும் வரிவரியாக இருப்பார்கள். அவர்களை நீங்கள் பார்க்கப் போவதில்லை. உங்கள் பழக்கம்தான் அவர்களைக் காக்க வேண்டும். இன்று மாலை நீங்கள் எழுதும் முதல் நிரலிலேயே அப்பழக்கத்தைத் தொடங்குங்கள்.